எட்டு பிளாப்பிகளுக்கும் பொட்டு

சந்தனம் குழைக்கும்போது தண்ணீர் குறைவாக விட வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. தண்ணீர் கூடினால் வழிந்துவிடும், காய்ந்த பிறகு பொடியாக உதிரும். கெட்டியாகக் குழைத்து வைத்தால் நகத்தால் சுரண்டினாலும் வராது. சேலையூரில் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு பதினைந்து வருடமாக என்னுடையது. அரிவாள்மனை, சைக்கிள், மிக்ஸி, கரண்ட் மீட்டர் என்று எதையும் நான் விட்டதில்லை.

1997இல் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். அதைத்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

என் மாமனார் அப்பாதுரை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருடமாக எங்களோடுதான் இருந்தார். தை மாதம் அவருக்கு எண்பது நிறைவதாக இருந்தது. அன்றைக்குத் தன் சுயசரிதையை அச்சடித்து, வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் நோட்டுகளில் எழுதி வைத்திருந்ததை நான் ஆபீஸ் விட்டு வந்து கம்ப்யூட்டரில் தட்டினேன். ஒரு வருடம் பிடித்தது. முடிந்ததும் நோட்டுகளை என் மனைவி ரேணுகா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே, இனிமே இந்தக் குப்பை எதுக்கு" என்றாள்.

மொத்தம் எட்டு அத்தியாயங்கள். ஆறாவதன் தலைப்பு 'என் மருமகன்கள்'. மூத்த மருமகன், அதாவது பல்லாவரத்தில் இருக்கும் என் சகலை பக்தவச்சலம், அதில் பதினொரு பக்கம் வருகிறார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவர் மாமாவுக்கு வாங்கி வந்த பழைய டேபிள் ஃபேனுக்கே நாலு பக்கம். அந்த ஃபேன் மூன்று நாள் ஓடியது. என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'இரண்டாவது மருமகன் ஏகநாதனும் உடன் வந்திருந்தார்.' மாமாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போய், மூன்று வாரம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவன் நான். அந்த வரியைத் தட்டியவனும் நான்தான். ஓர் எழுத்துப் பிழைகூட விடவில்லை. எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தது. குரோம்பேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிற சேட்டு வந்து பார்த்தார். "சார், மொத்தத்தையும் அழிச்சி ஃபார்மட் அடிச்சாத்தான் வேலைக்கு ஆவும். வேணுங்கறத பிளாப்பில ஏத்தி வச்சிக்க" என்றார். அத்தியாயத்துக்கு ஒன்றாக எட்டு பிளாப்பிகளில் ஏற்றினேன். மாமாவே தன் கையால் எண் போட்டு லேபிள் ஒட்டினார். ஆயுத பூஜையன்று காலையில் சேட்டு ஃபார்மட் செய்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் திருப்பி ஏற்றுவதற்குள் பூஜை நேரம் வந்துவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்லை.

ரேணுகாதான் சொன்னாள்: "பிளாப்பிக்கும் ஒரு பொட்டு வச்சிடுங்க. அப்பாவோட வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

பிளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை விரலால் நகர்த்தினால் உள்ளே கறுப்பு வட்டு தெரியும். எழுத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆறாம் நம்பரை எடுத்துத் தகட்டை நகர்த்தினேன். கட்டைவிரலால் கெட்டியாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். பிறகு யோசித்தேன். ஒன்று மட்டும் கெட்டுப்போனால் சந்தேகம் வரும், குடும்பத்தில் வீண் மனஸ்தாபம். ஆகவே மற்ற ஏழுக்கும் அப்படியே வைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

விஜயதசமி காலையில் சேட்டு முதல் பிளாப்பியைச் செருகினார். கம்ப்யூட்டர் கறகறவென்று கத்தியது. வெளியே எடுத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உள்ள சந்தனம் கீது?"

"நேத்து பூஜை போட்டோம்."

"பொட்டு மேலதான் சார் வைப்பாங்க. உள்ளயா வைப்பாங்க?"

"பக்தி உள்ளதானே சேட்டு இருக்கணும்" என்றேன்.

எட்டும் போயிற்று. "பாவி, நான்தான் வைக்கச் சொன்னேன்" என்று ரேணுகா அழுதாள். நான் மறுக்கவில்லை. அவள் சொன்னது உண்மைதானே. மாமா எட்டு பிளாப்பிகளையும் மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அசையாமல் இருந்தார். சாப்பிடவில்லை. "எம்பது வருஷம், மாப்பிள்ளை" என்று ஒருமுறை சொன்னார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. காபி ஆற்றிக் கொடுத்தேன்.

"கவலைப்படாதீங்க மாமா, தட்டினவன் நான்தானே? எல்லாம் என் மண்டையில இருக்கு. திருப்பி ஏத்திடலாம்" என்றேன். சொன்னபடியே அடுத்த நாள் தொடங்கினோம். அவர் சொல்வார், மறந்த இடத்தில் நான் எடுத்துக் கொடுப்பேன்.

"நாப்பத்தி மூணு மழையில, கூடுவாஞ்சேரிகிட்ட சிவப்பு விளக்கோட ஓடி ரயிலை நிறுத்தினேனே, அதை எழுதியிருந்தேனா?"

"எழுதியிருந்தீங்க மாமா. நானும் கூட ஓடினேன்."

மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா மாப்பிள்ளை. சரி, போட்டுக்குங்க" என்றார். நான் பிறந்தது 1955இல். ஆனால் அவர் ஆட்சேபிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆறாம் அத்தியாயம் இப்படியாக இருபத்தைந்து பக்கம் வந்தது. பழையதிலிருந்து ஒரு வரியை மட்டும் அப்படியே மீட்டுவிட்டேன், பெயரைத் தவிர: 'மூத்த மருமகன் பக்தவச்சலமும் உடன் வந்திருந்தார்.'

தை மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. எல்லோருக்கும் தாம்பூலப் பையில் புத்தகம் போனது. என்னுடையதை மட்டும் மாமா மஞ்சள் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வந்தார்.

"உங்களுக்கு என் கையாலயே பொட்டு வச்சிருக்கேன் மாப்பிள்ளை. உள்ளதான் வச்சேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஆறாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், சரியாக என் பெயரின் மேல், சந்தனமும் நடுவில் குங்குமமும். அதற்குப் பிறகு இருபத்துநான்கு பக்கமும், பக்கத்துக்குப் பக்கம் வைத்த பொட்டில், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிட்டன. பிளேடு வைத்துப் பார்த்தேன், பிரியவில்லை. தண்ணீர் குறைவாகத்தான் விட்டிருக்கிறார்.

மறுவாரமே பல்லாவரம் போய் பக்தவச்சலத்தின் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். பாவம், அவருக்கு ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. மாமாவுக்கு யார்மேல் பிரியம் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.