போன செவ்வாய்க்கிழமை

— பாதுகாப்புக் கம்பியை இறக்கு ஷெல்பி, அப்புறம் பேசு. பனிமலை ஏறுற லிஃப்ட் நாற்காலி விளிம்புல குரங்கு மாதிரி தொங்காத.

— இறக்கியாச்சு கோச். ரெண்டாவது தடவை மண்டை உடையறதுக்கு எனக்கு லிஃப்டா கிடைச்சுது? ஸ்னோபோர்டுல பறந்து விழுந்தேன்னு பேராவது மிஞ்சணும்.

— வாயைக் கழுவு.

— சரி சரி. அது இருக்கட்டும், உங்க கைக்கு என்ன ஆச்சு? வலது கையில சிவப்பு, இடது கையில பச்சை. கிறிஸ்துமஸ் போய் மூணு மாசம் ஆச்சே.

— இதுவா? ஒரு கையுறையை பிஸ்கட் கடிச்சுக் குதறிடுச்சு. நாயா அது, பிசாசு.

— பிஸ்கட்டா? பதினாலு வயசு, வாயில பல்லே கிடையாது. அது உங்க தோல் கையுறையைக் குதறிச்சா?

— ஈறாலயே மெல்லும். என் முட்டி மேல சத்தியம்.

— எந்த முட்டி? சொந்த முட்டியா, டாக்டர் வச்ச இரும்பு முட்டியா?

— இரும்புதான். அதுக்கென்ன?

— அதானே பாத்தேன். ரோலண்ட் கோச் இரும்பு முட்டி மேல சத்தியம் பண்ணினா பச்சைப் பொய்னு இந்த மலையில எல்லாருக்கும் தெரியும். டிக்கெட் கிழிக்கிற ஆளுக்குக்கூட.

— ரொம்பப் பேசற. உன் மஞ்ச நோட்டு எங்க? பாக்கெட் தட்டையா இருக்கு.

— கார்ல.

— மறந்துட்டியா? இறங்கினதும் போய் எடுத்துட்டு வந்துடலாம், ஒண்ணும் பதற்றம் வேண்டாம்...

— பதற்றம் உங்களுக்குத்தான். வேணும்னுதான் வச்சுட்டு வந்தேன். பதினாலு மாசமா அதுதான் எனக்கு மூளை. பல் தேய்ச்சேன், டிக். அம்மாவுக்கு போன் பண்ணினேன், டிக். முட்டை சாப்பிட்டேன், டிக். முட்டைக்கு நேரா ரெண்டு டிக் இருந்தா அன்னிக்கு ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கேன்னு அர்த்தம்.

— ஒரு நாள் மூணு டிக் பாத்தேன்.

— அது பான்கேக். அது நல்ல நினைவோடதான் சாப்பிட்டேன்.

— சிரிச்சு மழுப்பாத வாலு. இன்னிக்கு செவ்வாய். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா என்ன கேப்பாங்கன்னு ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? “ஒரு வாரத்துக்கு முன்னாடி நடந்த ஏதாவது ஒண்ணைச் சொல்லு. நோட்டைப் பாக்கக் கூடாது, பக்கத்துல யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சொல்லிட்டா பனிச்சுவர் பைப்புக்குப் போய்த் தாவலாம். சொல்ல முடியலைன்னா குழந்தைங்க சறுக்குற மேட்டுலயே சறுக்கிட்டு இரு.” நாலு மாசமா இதே கேள்வி, நாலு மாசமா நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

— மேடு அப்படி ஒண்ணும் மோசமில்லையே.

— மோசமில்லையா? நேத்து ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு என்னைத் தாண்டிப் போச்சு கோச். போறப்ப திரும்பிப் பாத்து, “பயப்படாதீங்க ஆன்ட்டி, முட்டியை மடக்குங்க”ங்குது. உலகப் போட்டியில வெள்ளி வாங்கினவ நான்!

— நீ என்ன பண்ணின?

— முட்டியை மடக்கினேன். அது சரியாத்தான் சொல்லிச்சு.

— ஹா! அந்தப் பொண்ணு பேரைக் கேட்டு வச்சியா? எனக்கு உதவிக்கு ஆள் வேணும்.

— உங்களுக்கு எதுக்கு உதவி ஆள்? சொல்லிக்கொடுக்கறதைத்தான் விட்டுட்டீங்களே.

— குளிரு ஏறுது. காலரை இழுத்து மூடு.

— ஐயோ, நின்னுடுச்சு.

— கீழ யாராவது ஏறத் தெரியாம விழுந்திருப்பாங்க. ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும். ஆட்டாத.

— நான் ஆட்டல, காத்து ஆட்டுது. கோச், நின்னதும் நல்லதுக்குத்தான். ஒண்ணு சொல்லணும். கம்பியைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க.

— ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். சொல்லு.

— சீசன் ஆரம்பத்துல எங்க எல்லாருக்கும் ஒரு மூளைப் பரிட்சை வைப்பாங்கல்ல? அஞ்சு வார்த்தை சொல்லி அப்புறம் திரும்பக் கேக்கறது, எண்களைத் தலைகீழா சொல்லச் சொல்றது. அப்புறம் எப்பவாவது தலையில அடிபட்டா அதே பரிட்சையைத் திரும்ப வச்சு, ரெண்டு மார்க்கையும் ஒத்துப் பாக்க.

— ம்.

— அதுல நான் வேணும்னே தப்புத்தப்பா சொன்னேன்.

— என்ன! ஐயையோ! அப்படியா பண்ணின?

— நான் மட்டும் இல்ல, பாதி டீம் அப்படித்தான். முதல்லயே மக்கு மாதிரி மார்க் வாங்கி வச்சுட்டா, அப்புறம் அடிபட்டாலும் மார்க் குறையாது. யாரும் உக்கார வைக்க மாட்டாங்க. பெரிய புத்திசாலித்தனம்னு நினைச்சோம். மூளையைக் காப்பாத்தற பரிட்சையில மூளை இல்லாம நடந்துக்கிட்டோம்.

— அப்படின்னா அந்த வியாழக்கிழமை...

— ஆமா. பயிற்சியில சின்னதா விழுந்தேன். எழுந்து பாத்தா வானத்துல ரெண்டு சூரியன். பரிட்சை வச்சாங்க, பாஸ். உங்ககிட்ட ஓடி வந்து பாஸுன்னு சொன்னேன். நீங்க, சரி போன்னு சொன்னீங்க. சனிக்கிழமை பைப்போட இருபத்திரண்டு அடி பனிச்சுவர் உச்சியிலேர்ந்து தலைகீழா வந்தேன். அதுக்கப்புறம் ஒன்பது நாள் எனக்குக் கிடையாது.

— ஷெல்பி, போதும்மா.

— இருங்க, முடிச்சிடறேன். டென்வர் ஆஸ்பத்திரி நாற்காலியிலயே பதினோரு வாரம் தூங்கினீங்க. எனக்கு ஸ்பூன் பிடிக்க நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. மைக்ரோவேவை நான் தபால் பெட்டின்னு சொன்னப்போ எல்லாரும் அழுதாங்க, நீங்க மட்டும் “சரி, லெட்டர் வெந்துடுச்சா பாரு”ன்னீங்க. அப்படிப்பட்ட ஆளு, ‘நான் போன்னு சொன்னதாலதான் இந்தப் பொண்ணு இப்படி ஆயிட்டா’ன்னு விசிலைக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருக்கீங்க. அது என்னால தாங்க முடியல. உங்க தப்பு இல்ல கோச். என் தப்பு.

— பாதி உன்னோடது.

— மீதி?

— மீதி என்னோடது. ரெண்டு சூரியன் பாத்த கண்ணு எப்படி இருக்கும்னு முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியணும். நான் மார்க்கைப் பாத்தேன், உன் முகத்தைப் பாக்கல. நீ பொய் சொன்ன, நான் அதை நம்பறதுக்கு ஆசைப்பட்டேன். கணக்கு நேராயிடுச்சா?

— ஆயிடுச்சு. இந்தப் பதில் நல்லா இருக்கு. ஒரு வார்த்தை மாத்தாதீங்க.

— என்ன?

— ஒண்ணுமில்ல. டாக்டரம்மாகிட்டயும் இதைச் சொல்லிடணும்.

— அவங்களுக்குத் தெரியும்... தெரியணும், அதைத்தான் சொல்ல வந்தேன். தெரிஞ்சுக்கட்டும்.

— நாக்கு குளறுதே கோச். உங்களுக்கும் ஒரு பரிட்சை வைக்கச் சொல்லட்டுமா?

— குளிருல உதடு மரத்துப்போச்சு. என் முட்டி மேல சத்தியம்.

— எந்த முட்டின்னு கேக்கவே வேண்டாம். ஆ, கிளம்பிடுச்சு! மெதுவா... அதோ, பாசிமாலை மரம் வருது.

— மரம் எங்க ஓடிப்போகப் போகுது? பேசிட்டு இருந்ததைப் பேசு.

— அதையும்தான் பேசப் போறேன். பாருங்க, இந்த வருஷம் காலேஜ் பசங்க எவ்ளோ பாசிமாலை எறிஞ்சிருக்காங்க! கிளையே தெரியல. அங்க ஒரு பூப்போட்ட ஜட்டி வேற தொங்குது.

— வருஷா வருஷம் இதே கூத்துதான். லிஃப்ட்ல வர்றவன் எல்லாம் கையில கிடைச்சதை எறியறான். அந்த ஊசியிலை மரத்தோட பொறுமைக்குத்தான் மெடல் தரணும்.

— ஜட்டிக்குப் பக்கத்துக் கிளையைப் பாருங்க.

— கண்ணாடியில பனி அப்பியிருக்கு. என்ன இருக்கு அங்க?

— துடைச்சுட்டுப் பாருங்க. அவசரமில்ல, லிஃப்ட் இன்னும் நகந்துட்டுத்தான் இருக்கு.

— ஷெல்பி... நோட்டு நிஜமாவே கார்லதான் இருக்கா?

— கார்லதான். அதுல இதை எழுதவே இல்ல. என் சொந்த முட்டி மேல சத்தியம், எனக்கு ரெண்டும் சொந்தம். அது சிவப்புத் தோல் கையுறை கோச், இடது கை. போன செவ்வாய்க்கிழமை இதே லிஃப்ட்ல, இதே கதையை நான் சொன்னப்போ, முதல் தடவையா கேக்கற மாதிரி “என்ன! ஐயையோ!”ன்னு கையை உதறி நடிச்சீங்களே, அப்ப கழண்டு அந்தக் கிளையில விழுந்தது.