கையில் மைக் இருந்தது

மன்னிப்பு கேட்கிறதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். கேட்டாச்சு, முடிஞ்சது, இதுக்கு மேல என்ன இருக்குன்னு நீங்க நினைக்கலாம். அப்படி நினைச்ச ஒருத்தரோட கதை இருக்கு. சின்னதுதான், கேளுங்க.

கோயமுத்தூர்ப் பக்கம் சென்னியப்பன்னு ஒருத்தர். மோட்டார் பம்பு செய்யற பட்டறை வெச்சிருந்தார். அவருக்கு ஒரு கிறுக்கு... சொந்தமா ஒரு விமானம் கட்டணும். பட்டறைக்குப் பின்னாடி கொட்டகை போட்டு, வருஷக்கணக்கா உட்கார்ந்து கட்டினார். ஒரு பழைய காரோட ரோட்டரி எஞ்சினை அதுல வெச்சார். ரோட்டரின்னா, பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வராது. முக்கோணமா ஒரு துண்டு உள்ளே சுத்திக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்தைப் பத்தி அவர் பேச ஆரம்பிச்சா, எதிர்ல இருக்கறவங்க டீ ஆறிப்போயிடும்.

கட்டிட்டார். ஓட்டணுமே? தங்கச்சி கலாமணியோட வீட்டுக்காரர் சதாசிவம், விமானப்படையில பைலட்டா இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கிட்ட போய், "மாப்ள, நீங்கதானுங்க முதல்ல எடுக்கோணும்"னார். கையால கட்டின விமானத்தை முதல் தடவை எடுக்கறதுன்னா என்ன அர்த்தம்? சரியா பறக்குமான்னு கட்டினவருக்கே தெரியாது. மேல போய்ச் சரியா பறக்கலைன்னா, போனவர் திரும்பி வரமாட்டார். அது தெரிஞ்சேதான் சதாசிவம் சரின்னார்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டார். "மச்சான், யாரையும் கூப்பிடாதீங்க. நாம மட்டும் போதும்."

கேட்டாரா சென்னியப்பன்? அனுமதியெல்லாம் வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு பழைய ஓடுபாதையில நாள் குறிச்சார். சொந்தபந்தம் வந்தாச்சு, பட்டறை ஆளுங்க வந்தாச்சு, பந்தல் போட்டாச்சு, பிரியாணி தயாராகுது... மைக்செட்டும் வந்தாச்சு.

சதாசிவம் இறக்கையிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தார். ஏறினார். பெல்ட்டு போட்டார். அப்போதான் நம்ம ஆளுக்குப் பூஜை ஞாபகம் வருது. "ஒரு நிமிஷமுங்க மாப்ள." சந்தனக் கிண்ணத்தோட ஒரு சுத்து வந்தார். மூக்குக்கு ஒரு பொட்டு. சக்கரத்துக்கு ஒரு பொட்டு. இறக்கைக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கற சின்னக் குழாயோட முனைக்கும் தாராளமா ஒரு பொட்டு. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம்.

எஞ்சின் கிளம்பிச்சு. ஓடுது, ஓடுது, பாதி தூரம் போச்சு... சத்தம் அடங்கிச்சு. விமானம் திரும்பி உருண்டுக்கிட்டே வந்தது.

"என்னங்க மாப்ள?"

"வேகம் காட்டற முள்ளு ஏறவே இல்லீங்க மச்சான்."

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துபோச்சு. அத்தனை பேரும் பார்க்கறாங்க. கையில மைக் இருக்கு. "எஞ்சின் சத்தம் பக்கத்து ஊருக்கே கேட்டுதுங்க. எங்க மாப்பிள்ளைக்கு மட்டும் வேகம் தெரியலையாமா. பயமா இருந்தா சொல்லிப்போடுங்க மாப்ள, நம்ம பட்டறை லாரி டிரைவரை ஏத்தி விட்டுடறேன்."

பந்தலே சிரிச்சது. கலாமணி மட்டும் சிரிக்கலை.

சதாசிவம் பெல்ட்டைக் கழட்டினார். இறங்கினார். குனிஞ்சு அந்தக் குழாயைப் பார்த்தார். அதுக்குள்ள போற காத்துதான் வேகத்தை அளந்து சொல்லும். அதோட வாய் பூரா சந்தனம். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைச்சார், ஒரு ஈர்க்குச்சியால சுத்தம் பண்ணினார். மச்சானை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கைக்குட்டையை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டார்.

பார்த்தாரா சென்னியப்பன்? பார்த்தார். புரிஞ்சுதா? விமானத்தையே கட்டினவருக்குப் புரியாமலா?

சதாசிவம் மறுபடியும் ஏறி, தரையிலேயே ஒரு ஓட்டம் ஓட்டினார். முள்ளு ஏறிச்சு. அப்புறம்தான் எடுத்தார். விமானம் மேல போச்சு. ஒரு வட்டம் அடிச்சு, பூ மாதிரி வந்து இறங்கிச்சு. கூட்டத்துல ஒரு பெரியவர் சொல்றார்: "பாத்தீங்களா? மச்சான் ஒரு அதட்டு போட்டதும் மாப்பிள்ளை பறந்துட்டாரு."

இப்பவும் சென்னியப்பன் கையில மைக் இருக்கு. வாயைத் திறந்தா ஒரே ஒரு வரி. 'தப்பு என்னுதுங்க.' அவ்வளவுதான். திறந்தாரா? மாலை போட்டு முடியட்டும்னு நினைச்சார். மாலை போட்டாங்க. எல்லாரும் சாப்பிடட்டும்னு நினைச்சார். சாப்பிட்டாங்க. அப்புறம் பந்தல்காரர் வந்து மைக்கைக் கழட்டிட்டுப் போயிட்டார்.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனார். கூடத்துல உறவுக்காரங்க நாலு பேர் காப்பி குடிச்சுக்கிட்டு, லாரி டிரைவர் கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. சதாசிவமும் அவங்களோட உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் அவரை உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், கதவைச் சாத்தி, காதோரமா, "மாப்ள, மனசுல வெச்சுக்காதீங்க"ன்னார்.

"அது கிடக்குது விடுங்க மச்சான்."

காப்பியோட வந்த கலாமணி கதவைத் திறந்துக்கிட்டு நின்னாள். "ஏனுங்கண்ணா, திட்டுனது மைக்குல. இது மட்டும் ஏன் காதுல?"

சென்னியப்பனுக்குத் தலை நிமிரலை. கூடத்துல இன்னும் அதே சிரிப்பு. கதவு திறந்துதான் இருக்கு. அஞ்சடி நடந்தா போதும்... அவர் காப்பியைக் குடிச்சுட்டு, பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டார். இன்னைக்கும் அந்த ஊர்ல சதாசிவம்னா, மச்சான் அதட்டினாத்தான் பறக்கற பைலட்டு.

நான் உங்களைக் கேட்கறேன். மார்க்கு குறைஞ்சதுக்கு விருந்தாளிங்க முன்னாடி பிள்ளையைக் கேவலப்படுத்தினோமே... அப்புறம் மனசு கேட்காம, எங்கே வெச்சு அவன் தலையைத் தடவினோம்? அவன் தூங்கும்போது. ஆபீசுல எல்லாரும் கேட்க ஒரு பொண்ணைப் பார்த்துக் கத்தினோமே... 'சாரிம்மா'ன்னு எங்கே சொன்னோம்? லிஃப்ட்டுக்குள்ள.

அது மன்னிப்பு இல்லைங்க. நம்ம மனசுக்கு நாமளே போட்டுக்கிட்ட மருந்து. எத்தனை பேர் கேட்க ஒருத்தரைத் தலைகுனிய வெச்சோமோ, அத்தனை பேர் கேட்க நம்ம தலை குனியணும். வெட்கமாத்தான் இருக்கும். இருக்கட்டுமே. அந்த வெட்கம் நம்முடையது. இத்தனை நாளா அதைச் சுமந்துக்கிட்டிருந்தது அவங்க.