டீச்சருக்குக் கைதட்டு

கல்வராயன் மலையேறும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள்.

"புள்ளைங்க எனக்குக் கைதட்டுனாங்கடி. அதான் தாங்கல" என்றார் மூத்தவர்.

வாழ்நாளில் கைதட்டே வாங்காதவன் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாக்கா ஆச்சு?"

"நேத்து கிளாஸ்ல டேப்லெட்ல கணக்கு. ரெண்டு தோச படம். மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு கேட்டுது. அவசரத்துல நாலத் தொட்டுட்டேன். ரெண்டு தோசையையும் வெட்டி, துண்டுங்கள பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுது. கிளாஸே பாக்குது."

நானும் மனசுக்குள் நாலைத்தான் தொட்டிருந்தேன்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருந்தா அதட்டியிருப்பேனே! யார் தப்பு பண்ணாலும் சிரிக்கக் கூடாது, கைதட்டி 'பரவால்ல, மறுபடியும் போடு'ன்னு சொல்லணும்னு பழக்குனதே நாந்தான். அத்தினி பேரும் எழுந்து நின்னுக்கினு தட்டுதுங்க. 'பரவால்ல டீச்சர், மறுபடியும் போடுங்க'ன்னு."

"நல்ல புள்ளைங்கதானேக்கா."

"இத்தினி நாளா அதுங்களும் இப்படித்தானே கூசிக்கினு நின்னிருக்கும்? அதுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? இன்னிக்கு என் கிளாஸையும் நீயே பாத்துக்கோயேன்."

"டீச்சர் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?"

பள்ளிக்கூட நிறுத்தத்தில் இளையவர் இறங்கிவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூத்தவர் மெல்ல எழுந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.