அம்சம் அக்காவுக்குக் கொடுத்த ஏழு கேப்சூல்

தலைவலி வந்தால்கூட நான் மாத்திரை போடுவதில்லை, சார். மருந்தைப் பற்றிப் படித்தவனுக்கு அந்தப் பயம் கொஞ்சம் இருக்கும்.

என் ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். வலிக்கும் வீக்கத்துக்கும் சாப்பிடும் மருந்து வயிற்றைப் புண்ணாக்கும். அதையே ரவையைவிடச் சன்னமான உருண்டைகளுக்குள் அடைத்தால் பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வயிறு தப்பிக்கும். தஞ்சாவூரில் ஆறு வருடம் இதற்காகவே உழைத்தேன். கண்ணாடிப் பாத்திரத்தில் சோதித்தபோது உருண்டைகள் ஒரே மணி நேரத்தில் மருந்து முழுவதையும் கொட்டிவிட்டன. எலிகளுக்கும் வயிற்றில் புண். ஆனால் எலி வேறு, மனிதர் வேறு அல்லவா.

விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். திருவாரூர்ப் பக்கம். அம்சம் அக்கா எங்கள் தெரு. நடவு வேலைக்குப் போகிறவர். அந்தத் தெருவில் முதலில் கல்லூரி வாத்தியார் ஆனவன் நான்.

"வளவா, குனிஞ்சா நிமிர முடியல. முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. நீதான் மருந்துக்குப் படிச்சிருக்கியே, ஏதாவது குடுப்பா," என்றார்.

அவராகத்தான் கேட்டார். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் உருண்டைகளை அடைத்த ஏழு கேப்சூலைக் கொடுத்து, தினம் காலையில் ஒன்றாக, வெறும் வயிற்றில் போடச் சொன்னேன். மூன்று நாள் சளைக்காமல் நட்டார். வரப்பில் நின்று, எத்தனை மணி வரை வலி இல்லை என்று கேட்டு நோட்டில் குறித்தேன். ஐந்தாம் நாள் முகம் வெளுத்திருந்தது.

"வயிறு எரியுதுப்பா. வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பா போவுது."

உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியும்.

"உடம்புச் சூடுக்கா. இன்னும் ரெண்டே நாள், நிறுத்திடாதீங்க," என்றேன். ஏழு நாள் விவரம் இல்லாமல் என் ஆராய்ச்சிக் கட்டுரையை யார் ஏற்பார்கள்?

ஏழாம் நாள் நாற்றுக்கட்டோடு சேற்றில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் செந்தாமரை போன் செய்தாள்.

"மாமா, அம்மா ரத்தமா வாந்தி எடுக்குது. என்ன மாத்திரை சாப்பிட்டுச்சுன்னு டாக்டர் கேக்குறாங்க. நீங்க ஏதும் குடுத்தீங்களா?"

அவளுக்குப் பின்னால் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணும் குடுக்கலையேம்மா."

மதியத்துக்குள் அக்கா போய்விட்டார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். செந்தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். ஆனால் மருந்தின் மேல் சந்தேகம் விழுந்திருக்கும், சார். முட்டி வலியோடு நாற்று நடுகிற பெண்கள் இந்த ஜில்லாவில் எத்தனை ஆயிரம் பேர். அவர்களைப் பற்றி யாராவது ஒருவர் யோசிக்க வேண்டாமா?