விசில் கயிறு

— போதும் மேடம், நிறுத்துங்க. எத்தனை தரம்தான் அதையே போட்டுக் காட்டுவீங்க? நானும் அத்தானும் ரெண்டு ரெஃப்ரியா அந்த பாஸ்கெட்பால் கோர்ட்லதானே நின்னோம்.

— நின்னீங்க தம்பி, இல்லைங்கல. பார்த்தீங்களான்னுதான் கேக்கறேன். ரெஃப்ரிங்க சரியா ஊதறாங்களான்னு பார்க்கறதுக்குத்தான் சங்கம் என்னை அனுப்புது. நிதானமா வருவோம். ஐயா, நீங்களும் இந்தப் பக்கம் வந்து செல்போனைப் பாருங்க.

— பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு? ஊதினது ஊதினதுதான். ரூல்னா ரூல். இருபத்திரண்டு வருஷமா இந்த விசிலைக் கழுத்துல போட்டிருக்கேன். ஊதிட்டு ஒரு நாளும் நான் பின்வாங்கினதில்ல, சரியா? மாப்ளே, மணி என்னடா ஆச்சு?

— ரெண்டே முக்கால் அத்தான்.

— மூணேகாலுக்கெல்லாம் நான் கிளம்பியாகணும்மா. வேலை இருக்கு.

— சீக்கிரமே அனுப்பிடறேன் ஐயா. இதோ பாருங்க. ஒன்பது விநாடி பாக்கி. பச்சைச் சட்டைப் பொண்ணுங்க ஐம்பது, வெள்ளைச் சட்டை நாற்பத்தொன்பது. பச்சையில எட்டாம் நம்பர் பொண்ணு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு சும்மா நிக்கறா. யார் மேலயும் படல. நடுவுல ஒரு முழம் இடம் இருக்கு. நீங்க விசில் ஊதறீங்க. அவளுக்கு அது அஞ்சாவது ஃபவுல், வெளிய போயிட்டா. வெள்ளைக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டும் உள்ள விழுந்துச்சு. முடிஞ்சுது கதை.

— அது வந்து மேடம், வீடியோல கோணம் மாறும். சத்தியமா சொல்றேன், கோர்ட்ல நின்னாத்தான் தெரியும்.

— தம்பி, அந்தப் பொண்ணு இன்னும் பாத்ரூம்ல அழுதுட்டிருக்கா. அடுத்த வருஷம் அவளை எடுத்துக்கறதா ஒரு காலேஜ் சொல்லியிருந்துச்சு, அந்தக் காலேஜ் ஆள் இன்னைக்கு மேட்ச் பார்க்க வந்திருந்தார். கோணத்தைப் பத்தி அவகிட்ட போய்ச் சொல்லுங்க.

— அந்தக் குழந்தையைப் பத்திப் பேசாதீங்கம்மா.

— அப்போ என்ன பார்த்து ஊதினீங்க ஐயா?

— இடிச்ச மாதிரி இருந்துச்சு.

— இருந்துச்சா? இல்ல, யாராவது சொன்னாங்களா?

— என்னம்மா கேள்வி இது?

— பந்து உங்களுக்கு இடது பக்கம் ஓடுது. ரெஃப்ரின்னா கண்ணு பந்துகிட்ட போகணும். உங்க முகம் நேரா உங்க மாப்பிள்ளையைப் பார்க்குது. சரி, இன்னைக்கு மட்டும்னா விட்டிருப்பேன். இந்த சீசன்ல நீங்க ஊதின ஆறு மேட்ச்சையும் போட்டுப் பார்த்தேன். பதினோரு ஃபவுலுக்கு அவரைப் பார்த்துட்டுத்தான் ஊதியிருக்கீங்க. ஒவ்வொரு தரமும் அவர் கை எங்கயாவது போகுது. காது, இல்லன்னா காலர்.

— மேடம், வேர்த்துக் கொட்டும்போது காலரை இழுத்து விடறது குத்தமா?

— உங்களைக் கேக்கல தம்பி. ஐயாவைக் கேட்டேன்.

— எனக்கு எவ்வளவு மார்க் வந்திருக்குன்னு பார்த்தீங்களாம்மா? ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ரெண்டு கோச்சும் எனக்கு மார்க் போடறாங்க. போன வருஷம் மொத்த சங்கத்துலயும் நான்தான் முதல்.

— ஜெயிச்ச கோச் பத்துக்குப் பத்து போடுவார், தோத்த கோச் நாலு போடுவார். அதைக் கூட்டி ரெண்டால வகுத்தா அது மார்க்காய்யா? நீங்க சிரிச்ச முகமா இருக்கீங்க, எல்லார்கிட்டயும் மரியாதையாப் பேசறீங்க. அதுக்கு வந்த மார்க் அது. உங்களுக்கு என்ன தெரியுதுன்னு எவனும் மார்க் போடல.

— ஓட்டப் பரீட்சையில பாஸ். எழுத்துப் பரீட்சையிலயும் பாஸ். இன்னும் என்ன வேணும்?

— கண்ணு?

— கண்ணுக்கு ஃபாரத்துலயே ஒரு வரி இருக்கே. 'எனக்குப் பார்வை சரியாக உள்ளது'ன்னு கையெழுத்துப் போடணும். வருஷா வருஷம் போடறேன்.

— நீங்களே போடறீங்க. சங்கமும் வாங்கி ஃபைல்ல வெச்சுக்குது. அந்த லட்சணத்துலதான் நாங்களும் இருக்கோம்.

— வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா! அதோ எதிர் சுவத்துல இந்த ஸ்கூல் டிரில் மாஸ்டர் ஒட்டியிருக்கற நோட்டீஸ். அடியில பொடி எழுத்து. 'பந்துகளை உபயோகித்தபின் எண்ணி வலைப்பையில் போடவும். காற்று இறங்கிய பந்துகளைத் தனியாக வைக்கவும்.' சரியா? உங்களால இங்கருந்து படிக்க முடியுதா?

— முடியல ஐயா. கண்ணாடி போட்டாலும் முடியாது.

— அப்புறம் என்ன? மாப்ளே, கிளம்புடா.

— உக்காருங்க. அந்த நோட்டீஸையே பார்த்துட்டிருங்க, தலையைத் திருப்பாதீங்க. ஒரு நிமிஷம்தான்.

— மேடம், இதெல்லாம் எதுக்கு மேடம்? வேண்டாம்...

— தம்பி, நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கையும் மடியில இருக்கட்டும். ம். ஐயா, சொல்லுங்க. எத்தனை விரல்?

— எது?

— என் விரல்.

— நீட்டினாத்தானேம்மா சொல்றது.

— ...

— ஏன் ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க? மாப்ளே?

— அத்தான், மேடம் உங்க இடது பக்கம் நிக்கறாங்க. மூணு விரலை நீட்டிட்டு. ரொம்ப நேரமா நிக்கறாங்க.

— எவ்வளவு நாளா ஐயா இப்படி?

— அது வந்து மேடம், ரெண்டு வருஷமாச்சு. கண்ல பிரஷர்னு டாக்டர் சொன்னார். நேரா இருக்கறது ஊசி முனை வரைக்கும் தெரியும். பக்கவாட்டுல இருக்கறது தெரியாது, குழாய்க்குள்ள இருந்து பார்க்கற மாதிரி. இடது பக்கம் சுத்தமா இல்ல. போனது போனதுதான்னு சொல்லிட்டார்.

— எதுக்குடா இதையெல்லாம் அவங்ககிட்ட ஒப்பிக்கறே?

— மூணு விரலுக்கு அப்புறமும் மறைக்கணுமா அத்தான்?

— சரி தம்பி. அப்போ அந்தக் கை ஜாடை?

— காதைத் தொட்டா வெள்ளை ஃபவுல், காலரைத் தொட்டா எதிர் டீம். மேட்ச்சுக்கு முன்னாடி பேசி வெச்சுக்குவோம்.

— நீங்களே ஊதியிருக்கலாமே?

— யாரு எத்தனை ஊதினாங்கன்னு ஸ்கோர் மேஜையில எழுதறாங்களே மேடம். அவர் கணக்குல குறைஞ்சா ஏன்னு கேப்பாங்க. அதனால அவர் பக்கம் வர்றதை அவரே ஊதணும். இன்னைக்கு... இன்னைக்கு நான் ஜாடையே காட்டல மேடம். சத்தியமா. விசில் கயிறு காலருக்குள்ள முறுக்கிக்கிச்சு. கழுத்தை அறுத்துச்சு. இழுத்து விட்டேன். அவ்வளவுதான்.

— டேய், என்னடா சொல்றே?

— ஆமா அத்தான்.

— அந்தப் பொண்ணு இடிக்கவே இல்லையா?

— இல்ல அத்தான்.

— நீ காலரைத் தொட்டியேடா! நான் உன்னைத்தானேடா நம்பினேன்! அவ என்கிட்ட வந்து 'சார், நான் தொடவே இல்ல சார்'னா. போம்மா வெளியன்னு விரலை நீட்டினேன்டா அவளுக்கு.

— ஐயா, தண்ணி குடிங்க.

— வேண்டாம்மா. நான் விட்டுடறேன். இந்தாங்க விசில், மேஜை மேல வெச்சுட்டேன். இனிமே தொட மாட்டேன். தப்புன்னா தப்புதான்.

— நல்ல முடிவு ஐயா. இனி ரூல்படி ஒண்ணு பாக்கி. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் குடுக்கணும். ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது.

— மேடம், ஒரு வேண்டுகோள். கண்ணு விஷயம் மட்டும் எழுத்துல வேண்டாம். அவர் விலகிட்டார்ல? வேற என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான்தான் தப்பு பண்ணேன்னு எழுதுங்க, என்னைத் தூக்குங்க. கண்ணுன்னு மட்டும் ஒரு எழுத்து வரக் கூடாது.

— ஓய்வு நேரத்துல ஊதற விசிலுக்கு ஏன் தம்பி இவ்வளவு பதறறீங்க?

— அக்கா கேட்டுச்சு மேடம். என் அக்கா என்கிட்ட எதையும் கேட்டதில்ல. இதை மட்டும் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு.

— மாப்ளே, மணி?

— மூணு பத்து.

— நான் எழுதிட்டேன்மா. நாலு வரிதான். கையெழுத்தும் போட்டாச்சு. நான் கிளம்பறேன், நேரமாச்சு. வாடா.

— தம்பி இருக்கட்டும் ஐயா. அவர் இன்னும் ஒரு வரி கூட எழுதல.

— நானும் கூடப் போயிட்டு வந்துடறேன் மேடம். ஒரு மணி நேரம். திரும்பி வந்து நீங்க எத்தனை பக்கம் கேட்டாலும் எழுதறேன்.

— நல்லா இருக்கே! ரெண்டு பேரும் ஒண்ணாப் போய், ஒண்ணாப் பேசி, ஒரே கதையை எழுதிட்டு வருவீங்களா? இதுக்குத்தான் தனித்தனியா எழுதச் சொல்றது. உக்காருங்க.

— மேடம், அவர் தனியாப் போகக் கூடாது.

— ஏன், குழந்தையா அவர்?

— மழை வேற தூறுது மேடம்.

— மாப்ளே, விடுடா. அவங்க சொல்றது நியாயம்தான். எழுதி முடிச்சுட்டு நடந்தே வீட்டுக்குப் போ.

— அத்தான், இன்னைக்கு வேண்டாம். உடம்புக்கு முடியலன்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க. வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க.

— இந்த நேரத்துல யாருடா வருவா? பழகின வேலைதானே. கை தானாச் செய்யும்.

— அந்தப் பொண்ணு விஷயத்துல தானாச் செஞ்சுதா அத்தான்?

— குத்திக் காட்டாதடா. இன்னைக்கு என் முகத்தைக் கண்ணாடியில பார்க்கவே எனக்குப் பிடிக்கல. கொஞ்ச நேரம் வேலையில கையை வெச்சாத்தான் மனசு ஆறும். வரேன்மா. அந்த எட்டாம் நம்பர் பொண்ணுகிட்ட... சரி, நானே நாளைக்கு அவ வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.

— அத்தான், பார்த்து! கதவு! இடது பக்கம் கதவு!

— ஒண்ணும் ஆகலடா. தோள்பட்டைதான்.

— தங்கமான மனுஷர்தான். உக்காருங்க தம்பி. ஜன்னல்ல என்ன இருக்கு? எழுதுங்க.

— எழுதறேன் மேடம். என்ன எழுதணும், நீங்களே சொல்லுங்க, சீக்கிரம் எழுதிடறேன்.

— பேனாவை இப்படி அழுத்தினா பேப்பர் கிழிஞ்சிடும். தம்பி, பயப்படாதீங்க. நானும் மனுஷிதான். உங்க அக்காவை நினைச்சேன். கண்ணுன்னு எங்கயும் எழுதல. 'கவனக்குறைவு, சொந்தக் காரணங்களால் விலகுகிறார்'னு போட்டுட்டேன். அந்தப் பொண்ணோட அஞ்சாவது ஃபவுல் தப்புன்னு தனியா ஒரு கடிதம், காலேஜுக்கும் சேர்த்து. போதுமா?

— போதும் மேடம். நான் போகட்டுமா?

— இருங்கன்னா. நான் செய்யறது ரூல்படி தப்புதான். ஆனா என்ன, விளையாட்டுதானே. இதுல யார் உயிர் போகப் போகுது?

— மேடம்...

— சொல்லுங்க.

— ஒண்ணும் இல்ல மேடம்.

— என்னமோ இருக்கு.

— சொன்னா அக்கா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும் மேடம். சொல்லலன்னா... எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

— அதான் எல்லாம் முடிஞ்சுதே. விசிலை வெச்சுட்டுப் போயிட்டார், இனிமே அவர் கண்ணால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. இதோ, கையெழுத்துப் போடுங்க. ஐயோ, உங்க அத்தான் ஒரு கட்டத்தைக் காலியா விட்டுட்டாரே. தொழில். என்னன்னு போடட்டும்?

— மேடம், அந்த ஜன்னல் பக்கம் பாருங்க.

— தம்பி, உங்களைத்தான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ஷிஃப்ட் வேலையா? அந்த ஜன்னலை முதல்ல சாத்துங்க, எதையோ பெரிய வண்டியை ஸ்டார்ட் பண்றாங்க, நீங்க பேசறதே கேக்கல.

— அதுதான் மேடம்.

— எது?

— அந்தச் சத்தம்தான் அவர் தொழில். ஸ்கூல் பஸ். இன்னும் பத்து நிமிஷத்துல சின்னப் பிள்ளைங்க நாற்பத்திரண்டு பேர் அதுல ஏறுவாங்க. தினமும் கிளீனரா இடது பக்க சீட்டுல நான் உக்காந்து 'நில்லுங்க அத்தான்'னு சொன்னாத்தான் அவர் பிரேக்கை மிதிப்பார்.