மெக்கானிக்கைப் பற்றி நான் சொன்னவை

உட்காருங்கள் தங்கச்சி. குளிர் போதுமா, இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா? ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, கதவு கதவாக விசாரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், முகமெல்லாம் வேர்த்திருக்கிறது. உங்கள் வீட்டு ஏசி படுத்துவிட்டது, குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, மெக்கானிக் யாரென்று கேட்டால் 'அந்த ஆள் மட்டும் வேண்டாம்' என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் நேரடியாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் கையைக் காட்ட, கடைசியில் எல்லாக் கையும் என் வாசலைக் காட்டியிருக்கிறது. வருஷக்கணக்காகக் குடியிருக்கிறவர்களுக்குத் தோன்றாதது, போன மாதம் வந்த உங்களுக்குத் தோன்றியதே, அதற்கே ஒரு சபாஷ் சொல்லவேண்டும். நான் எதையும் ஒளிக்கப்போவதில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நல்ல ஏசி மெக்கானிக் அமைவது நல்ல சம்பந்தி அமைகிற மாதிரி. எங்களுக்கு முதலில் வாய்த்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே 'கம்ப்ரஸர் போச்சு சார்' என்றார். அடுத்தவர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டி முடித்தபோது உள்ளங்கையில் ஸ்குரூ மிச்சமிருந்தது. 'அதெல்லாம் எக்ஸ்ட்ராவா குடுத்திருப்பாங்க' என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். மற்றொருவர் 'வந்துக்கிட்டே இருக்கேன் சார்' என்று போனில் சொன்னார். எனக்குத் தெரிந்து இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார்.

அப்புறம்தான் இவர் வந்தார். கையோடு கொண்டுவந்த பழைய போர்வையைச் சோபாமேல் விரித்தார். ஃபில்டரைக் குளியலறையில் கழுவினார், பிறகு குளியலறையையும் கழுவினார். 'கேஸ் அடிக்கணுமா?' என்று நானே வலியப் போய்க் கேட்டேன். 'வேண்டாம் சார், வெறும் அழுக்குதான்' என்றார். என் மனைவி லேசில் யாரையும் பாராட்டுகிறவள் இல்லை, என்னையே இன்றுவரை பாராட்டியதில்லை. அவளே சமையலறையிலிருந்து வந்து, 'இவரை மட்டும் விட்டுடாதீங்க' என்று காதோடு சொன்னாள். அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

என்னுடைய தப்பு என் ஓட்டை வாய். பெரிய மனுஷத்தனமாகக் கட்டடம் முழுக்க அவர் நம்பரைக் கொடுத்தேன். அடுத்த கோடையில் எங்கள் ஏசி ஒழுக ஆரம்பித்ததும் கூப்பிட்டால், 'சார், உங்க பில்டிங்லயே ஏகப்பட்ட வேலை மாட்டிக்கிச்சு, வியாழக்கிழமை வரட்டுமா?' என்கிறார். வியாழக்கிழமையாம். நான் கண்டுபிடித்த ஆள் எதிர்வீட்டில் நின்று ஃபில்டர் கழுவுகிறார். நான் பனியனோடு உட்கார்ந்து, பேப்பரால் விசிறிக்கொண்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அதன் பிறகு மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போகும்போதெல்லாம், அங்கே வரிசையாக இருக்கும் ஏசி பெட்டிகளில் அவர் தன் போன் நம்பரைப் போட்டு ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பொழுதுபோன மாதிரியும் இருந்தது. இந்த ஊரில் வெயில் எப்படியோ குளிரும் அப்படித்தான், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. குளிர்காலம் நெருங்கியபோது எதிர்வீட்டு டீச்சர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, 'ஹீட்டர் பார்க்க அவரையே வரச் சொல்லட்டுமா சார்?' என்று கேட்டார்.

'ம்… நல்ல மனுஷன்தான்' என்றேன். கொஞ்சம் இழுத்துச் சொன்னேன்.

'ஏன் சார் இழுக்கறீங்க?'

'ஒண்ணுமில்ல டீச்சர். அவர் வேலை செய்யறப்ப கூடவே நின்னுக்குங்க.'

இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் டீச்சருக்கு, தன் தோடு ஒன்று காணாமல் போனது ஞாபகம் வந்துவிட்டது. கண் காது மூக்கு வைப்பதில் நம் கட்டடத்தாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் தோடு இரண்டாம் மாடியில் வளையலாகி, நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆரமாகியிருந்தது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை. யாராவது வந்து 'அப்படியாமே?' என்று கேட்டால் பெருமூச்சு விட்டேன்.

தோடு கிடைத்துவிட்டது தங்கச்சி. வாஷிங் மெஷின் ரப்பருக்குள் மாட்டிக்கொண்டிருந்ததாம். டீச்சர் முகம் சுண்டிப்போய் என்னிடம் மட்டும் வந்து சொன்னார். எல்லாரிடமும் சொல்லிவிடவா என்று கேட்டார். 'ஆறிப்போனதை எதுக்கு டீச்சர் கிளறணும்? உங்களைத்தான் தப்பா பேசுவாங்க' என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க, பழுதான ஹீட்டரைத் தொட ஆளில்லாமல், வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரும் சால்வையுமாக உலாவினார். அவர் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி எனக்கு.

அதற்குப் பிறகு கிடைத்த சர்வீஸைப் பற்றி என்ன சொல்ல? போனை வைப்பதற்குள் வாசலில் நிற்பார். முதலில் வேனில் வந்தார். வேனை விற்றுவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். இப்போது பஸ்ஸில் வருகிறார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. ஆள் பாதியாக இளைத்துவிட்டார் என்று என் மனைவி வருத்தப்பட்டாள், நானும்தான் வருத்தப்பட்டேன். ஒரு தடவை டீ குடிக்கும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'யாருமே கூப்பிட மாட்டேங்கறாங்க சார். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?' என்று கேட்டார். 'சேச்சே, எல்லாம் நேரம்' என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். 'நீங்க ஒருத்தர் இருக்கீங்களே, அது போதும்' என்றார். நம்பினால் நம்புங்கள், அவருக்கு இன்னொரு டீ போடச் சொன்னேன்.

'அவருக்கும் குடும்பம் இருக்குமே அண்ணா' என்று நீங்கள் இப்போது சொன்னீர்கள். எனக்குத் தெரியாதா? அங்கேதான் வருகிறேன்.

போன மாதம் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. கட்டடம் முழுக்க ஏசி, ஹீட்டர், நிரந்தரச் சம்பளம், குடியிருக்க வீடு. 'நம்ம கஷ்டமெல்லாம் தீர்ந்துச்சு சார்' என்று வந்து சொன்னார். தன்னைத் தெரிந்தவர் என்று என் பெயரைத்தான் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார், மரியாதையான பேச்சு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'நோயாளிங்க தூங்கற ரூமுக்குள்ள எல்லாம் போய் வர்ற வேலை சார். நீங்களா இருந்தா உங்க வீட்டுச் சாவிய நம்பி அவர்கிட்ட குடுப்பீங்களா?'

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம்தான் இருக்கிறது. நாங்கள் ஊருக்குப் போனால் அவர்தான் திறந்து, மெஷினைப் பார்த்து, போகிறபோக்கில் செடிக்குத் தண்ணீரும் விட்டுவிட்டுப் போவார். அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெயில் அப்படிக் கொளுத்தியது. கோடை இன்னும் முழுசாக ஆரம்பிக்கக்கூட இல்லை.

'நான் குடுக்க மாட்டேங்க' என்றேன்.

அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டார். வேலை போயிற்று. அந்த வாரமே அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதையும் அவர் என்னிடம்தான் சொல்லி அழுதார், வேறு யாரிடம் சொல்வார்?

அப்படிப் பார்க்காதீர்கள் தங்கச்சி. இன்றைக்கு எங்கள் ஏசியைக் கழுவ வருகிறார், வருகிற நேரம்தான். கையோடு மாடிக்கு அனுப்பி உங்கள் மெஷினையும் பார்க்கச் சொல்கிறேன், இந்த ஒரு தடவை. ஆனால் நீங்கள் கேட்ட எதையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்காகச் சொல்லவில்லை. ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற மனுஷன், இந்த ஊரில் அவரை நம்புகிற ஒரே ஆள் நான்தான்.