தன் காய்ச்சலைத் தானே குறைத்துச் சொன்ன தலைமைச் செவிலியருக்கு

ஊசி போடுமுன் உள்ளம் தேற்றும் உத்தமியே! தூசி கண்டால் துடைப்பம் தேடும் தூயவரே! விடியுமுன்னே வார்டில் வந்து நிற்பதால் நாங்கள் அஞ்சியும் அன்பு மிகுந்தும் 'அதிகாலை அக்கா' என அழைக்கும் ஏழாம் வார்டின் தலைமைச் செவிலியரே! வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுப் பணி! கை கழுவாமல் கட்டிலருகே வருபவர் பெரிய டாக்டரே ஆனாலும், தாங்கள் ஒருமுறை தொண்டையைச் செருமினால் போதும், குழாயடிக்குத் திரும்பிவிடுவார். படுக்கை விரிப்பின் சுருக்கத்தையும், வலியை விழுங்கிச் சிரிப்பவரின் முகச் சுருக்கத்தையும் கதவருகே நின்றே கண்டுகொள்ளும் கண்கள் தங்களுடையவை.

அப்பேர்ப்பட்ட தாங்கள்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன், குடலில் அறுவை முடிந்து நம் வார்டிலேயே படுத்திருந்தபோது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். தெர்மாமீட்டரைத் தாங்களே வைத்து, தாங்களே படித்து, "தொண்ணூத்தொன்பதுதான்மா, நீ அடுத்த கட்டிலைப் பாரு" என்றீர்கள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் சீட்டில் எழுதினோம். வேறு யார் சொல்லியிருந்தாலும் அப்படி எழுதியிருக்க மாட்டோம்.

தையற்காரரான தங்கள் கணவர்தான் எங்களை நிறுத்தினார். "வலிச்சாத்தான் இவ இவ்ளோ ஜோக் அடிப்பா. கொஞ்சம் தொட்டுப் பாருங்கம்மா." தொட்டோம், நெருப்பாகக் கொதித்தது. நூற்று நான்கு! மறுபடியும் அறுவை, பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சை.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பிய தாங்கள் யாரையும் கடியவில்லை. "நானும் ஏமாத்தினேன், நீங்களும் ஏமாந்தீங்க. நர்ஸு படுத்தா அவளும் பேஷண்ட்டுதான். இனிமே அவ வாயை நம்பாதீங்க, கையை நம்புங்க" என்றீர்கள். அன்று முதல், படுத்திருக்கும் செவிலியர் சொல்லும் எண் நம் வார்டில் சீட்டில் ஏறுவதில்லை. இன்னொருவர் அளந்த எண்ணே ஏறுகிறது.

சென்ற ஆண்டு எங்களுள் ஒருத்தி நுரையீரல் தொற்றோடு படுத்தாள். "மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா, நாளைக்கே டியூட்டிக்கு வர்றேன்" என்று கூசாமல் புளுகினாள். "கதையளக்காதே, விரலை நீட்டு" என்று ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டினீர்கள். எண்பத்திரண்டு. அவள் அடுத்த பொய்யைத் தொடங்குமுன் ஆக்சிஜன் முகமூடி அவள் வாயை மூடியது. இந்தப் பாராட்டு விழாவின் முன்வரிசையில் கணவரோடு அமர்ந்திருக்கும் தாங்கள் அவளை நன்கறிவீர்கள்.

இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவள் அவள்தான் அக்கா. எல்லோர் சார்பிலும் 'நாங்கள்' என்று எழுதினேன். இந்த ஒரு வரியை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். தாங்கள் மீட்டுத் தந்த மூச்சால் வாழ்த்துகிறேன்: நோயின்றி நீடு வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
ஏழாம் வார்டுச் செவிலியரும் உதவியாளரும்